விசில் ஊதினால் விட்டுவிட வேண்டும்

கயிறு தரையில் கிடந்தது. நாங்கள் எட்டுப் பேரும் இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றோம். எதிரே குன்றத்தூர் பஸ் பெண்கள் எட்டுப் பேரும் ஒருவர் மேல் ஒருவராக மல்லாந்து கிடந்தார்கள்.

சுற்றி நின்ற ஆண்களுக்கு என்ன நடந்தது என்று ஒரு நொடி புரியவில்லை. அப்புறம் கான்டீன் பக்கமிருந்து யாரோ சிரிக்க, மொத்தக் கம்பெனியும் சேர்ந்து சிரித்தது. விழுந்து கிடந்தவர்களும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. என் வாயில் செம்மண் ருசி இருந்தது. அந்தக் கயிற்றோடு என் அக்காவும் கைவிட்டுப் போய்விட்டாள் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர்களும் சிரித்தார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்றுவரை அது ஒரு சின்ன வருத்தம்.

பஸ்ஸை வைத்து ஆளை அறிவது

நான் வேலைக்குப் போன கதையைச் சில வாரங்களுக்கு முன்னால் எழுதியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மறைமலை நகரில் எங்கள் கம்பெனி வண்டிகளுக்கான வயர்க்கட்டுகளைச் செய்தது. ஒரு பெரிய பலகையில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். கலர் கலரான வயர்களை அந்த ஆணிகளைச் சுற்றி இழுத்து, கறுப்பு டேப் சுற்றி, முனைகளில் கிளிப் மாட்டி அனுப்ப வேண்டும். அந்த லைனில் முழுக்கப் பெண்கள்தான். டேப்பை இழுத்து இழுத்து எங்கள் விரல்களெல்லாம் காய்த்துப் போயிருந்தன.

அங்கே ஒருத்தியின் ஊரை யாரும் கேட்க மாட்டார்கள். எந்த பஸ் என்றுதான் கேட்பார்கள். குன்றத்தூரிலிருந்து ஒரு கம்பெனி பஸ் வரும். படப்பையில் கிளம்பி, சேரப்பணஞ்சேரி, ஒரகடம் வழியாக இன்னொன்று வரும். நான் சேரப்பணஞ்சேரி. அதனால் படப்பை பஸ்.

பஸ்ஸுக்குள் இடச்சண்டை, பாட்டு கேஸட் சண்டை எல்லாம் உண்டு. ஆனால் கம்பெனி வாசலில் இறங்கிவிட்டால் எங்கள் பஸ், அவர்கள் பஸ் என்பது மட்டும்தான். எங்கள் பஸ் லேட்டாக வந்தால் குன்றத்தூர்க்காரிகளுக்குச் சந்தோஷம். அவர்கள் பஸ் பஞ்சரானால் எங்களுக்கு அன்றைக்கு நல்ல நாள்.

அது தொண்ணூற்றொன்றாம் வருடம். அந்த மே மாதம் எங்கள் பக்கத்தில் என்ன நடந்தது என்று நாட்டுக்கே தெரியும். அதை எழுதப் பெரியவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குப் பின்னால் வந்தவைதான். பஸ் ஓடவில்லை. கம்பெனி மூடிக் கிடந்தது. திறந்த பிறகும் வழியில் நிறுத்தி எங்கள் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார்கள். எலுமிச்சை சாதத்தைக் கிளறிப் பார்த்த போலீஸ்காரர் ஒருவர் ஊறுகாய் இல்லையா என்று கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மூடிக் கிடந்த நாட்களின் உற்பத்தியை ஈடுகட்ட வேண்டும் என்று கம்பெனி விடுமுறைகளில் கை வைத்தது. வழக்கமாக ஆடி மாதத்தில் எங்களுக்கு இரண்டு நாள் விடுவார்கள். ஒன்று குன்றத்தூர் மலையில் ஆடிக் கிருத்திகை. இன்னொன்று எங்கள் ஊர் அம்மன் தேர். அந்த வருடம் ஒரு நாள்தான் விடுவோம், எந்த நாள் என்று நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்று நோட்டீஸ் போட்டார்கள்.

பேசி முடிவு செய்வதா? இரண்டு பஸ்ஸும் ஒரு வாரம் பேசின. கான்டீனில் தனித்தனி பெஞ்சில் உட்கார ஆரம்பித்ததுதான் மிச்சம்.

உள்ளேயா, வெளியேயா

எனக்கு ஏன் தேர் நாள் வேண்டும் என்று சொல்ல ஒரு வாலிபால் பந்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வாலிபால் எப்படி உண்டானது என்று பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடப் போன நடுவயது வியாபாரிகள், இடித்துக்கொண்டு ஓட முடியவில்லை என்று புலம்பினார்களாம். அவர்களுக்காக ஒருவர் நடுவில் வலையைக் கட்டி, இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்து ஆளைத் தொடவே முடியாதபடி ஒரு சாதுவான ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். உடம்பில் ஒரு கீறல் விழாது என்பதுதான் அதன் பெருமை.

அந்தச் சாதுவான ஆட்டம்தான் எங்கள் குடும்பத்தை இரண்டாக்கியது.

என் அக்கா கமலாவை வாலாஜாபாத் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. மாமா நல்ல ஆட்டக்காரர். கல்யாணமான அடுத்த பொங்கலுக்கு எங்கள் ஊரில் வாலிபால் போட்டி நடந்தது. மாமா தன் ஊர் டீமோடு வந்தார். கோட்டுக்குப் பக்கத்தில் கொடி பிடித்து நின்றவர் என் அப்பா.

அப்பா ஊரில் எந்தப் போட்டி நடந்தாலும் கோட்டு அம்பயர். யாரும் நியமிக்கவில்லை. அவர் சொன்னால் எதிர்த்துப் பேச முடியாது என்பதாலேயே அந்த வேலை அவரிடம் வந்து சேர்ந்தது. அவருடைய சொந்தத் தம்பி சடுகுடுவில் கோட்டைத் தாண்டிவிட்டான் என்று கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தவர்.

கடைசி பாயிண்ட். மாமா எகிறி ஓங்கி அடித்தார். பந்து கோட்டோரம் விழுந்தது. அப்பா கொடியைத் தூக்கி, அவுட் என்றார்.

மாமா அப்படியே நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டே, "இன்னா மாமா, உள்ளதான விழுந்துச்சு?" என்றார்.

"வெளிய" என்றார் அப்பா.

"நல்லா பாருங்க."

"பாத்துட்டுதான் சொல்றேன்."

தோற்ற டீமோடு மாமா புறப்பட்டுவிட்டார். எங்கள் வீட்டில் அவருக்காக ஆக்கிய கறி அப்படியே கிடந்தது. போகும்போது தெருவில் நின்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்: "மாமனாரு கண்ணுக்கு மாப்ளயும் தெரியல, கோடும் தெரியல."

அதற்குப் பிறகு மூன்று வருடம் அக்கா எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மிதிக்க விடவில்லை. தீபாவளி வரிசையை அம்மா மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே திரும்பி வருவாள். அவுட் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அப்பாவின் தலையா போய்விடும் என்று ஊரில் பலபேர் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கோட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சுண்ணாம்பில் போட்ட கோடு. பந்து பட்டிருந்தால் கலைந்திருக்கும். கோடு போட்டது போட்டபடி இருந்தது. அவுட்தான்.

அந்த வருடம் ஆடிக்கு முன்னால் அக்காவிடமிருந்து ஆள் மூலம் சேதி வந்தது. மாமா இறங்கி வந்துவிட்டார், தேருக்கு வருகிறார்கள். ஆனால் தங்க மாட்டார்கள். காலையில் வந்து சாயந்தர பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். அந்தப் பகல் ஒன்றுதான் எனக்குக் கிடைக்கும். நானோ டிரெய்னி. டிரெய்னி லீவு போட்டால் பயிற்சிக் காலம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஏற்கெனவே ஒரு தடவை டைஃபாய்டில் அப்படி ஆகியிருந்தது.

சுபேதார் சொன்ன வழி

கம்பெனியில் செக்யூரிட்டிக்குத் தலைவராக இருந்தவரைச் சுபேதார் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். பட்டாளத்திலிருந்து வந்தவர். மீசையை விட அவருடைய விசில் பெரியது. இரண்டு பஸ்ஸும் அடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு அவர் பர்சனல் ஆபீசரிடம் போய், ரெஜிமெண்டில் இந்த மாதிரி வழக்கு வந்தால் கயிற்றைக் கொடுத்துவிடுவோம், இழுத்து ஜெயித்தவன் சொல்வது சட்டம் என்று சொல்லியிருக்கிறார். பர்சனல் ஆபீசருக்கும் தலைவலி விட்டால் போதும் என்று இருந்தது.

ஆண்கள் இழுக்க முன்வந்தார்கள். சுபேதார் மறுத்துவிட்டார். சண்டை பெண்கள் லைனில்தான் அதிகம், அதனால் அவர்களே இழுக்கட்டும் என்றார். பஸ்ஸுக்கு எட்டுப் பேர். மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும்.

கயிறு இழுப்பதை நாம் ஸ்போர்ட்ஸ் டே விளையாட்டு, எலுமிச்சை ஸ்பூனுக்கு அண்ணன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு காலத்தில் ஒலிம்பிக்கில் இருந்தது. லண்டனில் நடந்த ஒலிம்பிக்கில் இங்கிலாந்துப் போலீஸ்காரர்கள் ஆணி அடித்தது போன்ற கனத்த பூட்ஸோடு இறங்கினார்களாம். எதிரே நின்ற அமெரிக்கர்கள், இது அநியாயம் என்று கோபித்துக்கொண்டு கயிற்றைப் போட்டுவிட்டுப் போனார்கள். இது எங்கள் டியூட்டி பூட்ஸ், தினமும் போடுவதுதான் என்று போலீஸ்காரர்கள் சாதித்தார்கள். பெரிய தேசங்கள் செருப்புக்காகச் சண்டை போட்ட கதை. அப்புறம் சில வருடங்களில் ஒலிம்பிக்கிலிருந்தே இந்த ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் நம் ஜபல்பூரில் இரண்டு பட்டாளக் குழுக்கள் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலே ஒரே இழுப்பில் கிடந்ததாகவும் படித்திருக்கிறேன். கிடந்ததாக என்று சொல்வது சரிதான். அப்போது தரையில் படுத்துக்கொண்டே இழுக்கலாமாம். அந்த வெயிலில், கயிற்றைப் பிடித்தபடி, அவர்கள் என்ன யோசித்துக்கொண்டு கிடந்திருப்பார்கள் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

ஓட்டம், சடுகுடு, ஃபுட்பால் எல்லாவற்றிலும் முன்னால் போகிறவன்தான் ஜெயிக்கிறான். கயிற்றில் மட்டும் பின்னால் போகிறவன் ஜெயிக்கிறான். துடுப்புப் படகிலும் மல்லாக்க நீச்சலிலும் அப்படித்தான் என்று சொல்வார்கள். ஆனால் அவர்களுக்கு எதிராளியின் முகம் நேருக்கு நேராகத் தெரியாது. கயிற்றில் தெரியும். யாரைத் தோற்கடிக்கிறோமோ அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போக வேண்டும்.

எனக்கு எதிரே தெரிந்த முகம் தேவகியுடையது.

தேவகியும் நானும் ஒரே பலகையில் வேலை செய்தோம். வயரின் இந்த முனையை நான் இழுத்தால் அந்த முனையை அவள் வாங்கி மாட்டுவாள். அவளுடைய குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, ஆடிக் கிருத்திகைக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டிருந்தாள். குழந்தை பிழைத்துவிட்டது. அவள் எனக்கு இதைச் சொன்னாள். நான் அவளுக்கு அக்கா வரும் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் டேப் மட்டும் சுற்றினோம்.

"இன்னா பண்றது வசந்தா" என்றாள் தேவகி. "நீ இழு, நானும் இழுக்கறேன். அப்பால யாரும் யாரையும் கொற சொல்லக் கூடாது."

எட்டுப் பேரும் ஒன்றாக

எங்கள் பக்கம் கடைசியில் நின்று கயிற்றின் நுனியை அக்குளில் இடுக்கிக்கொண்டவள் ரோஸி. நல்ல கனம், நல்ல வாய். அவளுக்குத் தேரிலும் பங்கில்லை, கிருத்திகையிலும் பங்கில்லை.

"எங்க மாதா கோயில் திருநாள நாங்க ஞாயித்துக்கிழமைல வச்சிக்கிறோம்" என்றாள். "உங்க சாமிங்களுக்குதான் லீவு நாளு இன்னானு தெரிய மாட்டேங்குது. இருந்தாலும் நம்ம பஸ்ஸு தோக்கக் கூடாது. நான் நிக்கறேன்."

குன்றத்தூர்க்காரிகள் எல்லோரும் கேன்வாஸ் ஷூ போட்டு வந்திருந்தார்கள். நாங்கள் வெறுங்கால். லண்டன் கதை அப்போதே தெரிந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

முதல் இழுப்பு எங்களுடையது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எட்டுப் பேருமே எங்கள் ஊர்க்காரிகள். எங்கள் ஊர்த் தேருக்கு இரண்டு வடம் உண்டு. வலது வடம் ஆண்கள் இழுப்பது. இடது வடம் பெண்களுடையது, அதில் ஆண் கை படக் கூடாது. நடக்கப் பழகிய நாளிலிருந்து இடது வடத்தைப் பிடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரே நேரத்தில் மூச்சு பிடித்து ஒரே நேரத்தில் சாய்வதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது இழுப்பில் இடம் மாற்றினார்கள். எங்களுக்கு வந்த பக்கம் தண்ணீர் டேங்கு ஒழுகி ஈரமாக இருந்தது. வெறுங்கால் வழுக்கியது. தோற்றோம்.

மூன்றாவதற்கு நல்ல தரையாகப் பார்த்துச் சுபேதார் புதுக் கோடு கிழித்தார். "டேக் த ஸ்ட்ரெய்ன்" என்றார். கயிறு விறைத்தது. "புல்" என்றார்.

முதலில் கயிறு அசையவே இல்லை. என் உள்ளங்கை எரிந்தது. முன்னால் நின்றவளின் ஓவர்கோட்டு முதுகில் வேர்வை படர்வதைப் பார்த்துக்கொண்டே சாய்ந்திருந்தேன். பின்னாலிருந்து ரோஸி, "வருது, வருது, வுடாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உண்மையாகவே வந்தது. ஒரு சாண், இன்னொரு சாண். கயிற்றின் நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணி எங்கள் கோட்டுக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது. தேவகியின் முகம் சிவந்துகொண்டே வந்தது. நான் மனதுக்குள் அக்காவோடு பேசவே ஆரம்பித்துவிட்டேன்.

அந்த நேரத்தில் குன்றத்தூர்ப் பக்கம் ஒருத்தி தாக்குப்பிடிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து இழுத்தாள். உட்காருவது தப்பு. சுபேதார் அவளை எச்சரிக்கக் குட்டையாக ஒரு விசில் ஊதினார்.

இங்கே தேரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்த் தேருக்கு விசில் ஊதுகிறவரும் என் அப்பாதான். குட்டை விசில் ஊதினால் வடத்தை அந்த நொடியே கீழே போட்டுவிட வேண்டும். ஏனென்றால் அப்போது ஒருவர் சக்கரத்துக்குக் கீழே குனிந்து முட்டுக்கட்டை வைத்துக்கொண்டிருப்பார். ஒரு கை கூடுதலாக இழுத்தாலும் அவர் கை போய்விடும். போட்டுவிட்டு, வடம் தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததும் அப்பா நீட்டு விசில் ஒன்று ஊதுவார். அதற்கப்புறம்தான் ரோட்டில் கிடக்கும் வடத்தைச் சுருட்டுவார்கள், வண்டிகள் போகும். சின்னப் பிள்ளைகள் குட்டை விசிலுக்கு வடத்தை விடாவிட்டால் அடுத்த வருடம் அவர்களை வடத்தின் பக்கமே விட மாட்டார். சொந்தப் பிள்ளையானாலும் சரி. எனக்கு அப்படி ஒரு வருடம் போயிருக்கிறது.

சுபேதார் ஊதினார். நாங்கள் எட்டுப் பேரும் விட்டோம். யோசித்து விடவில்லை. கை விட்டது. ரோஸி கூட விட்டாள். அவளுக்கு அம்மன் இல்லையே தவிர, எங்கள் தேரை வருடா வருடம் இழுத்தவள்தான்.

அவுட் என்றால் அவுட்

கயிறு அவர்கள் பக்கம் போய்விட்டது. எங்கள் லைன் சூப்பர்வைசர், தப்பு செய்தது அவர்கள், விசில் அவர்களுக்கு, திரும்ப இழுக்க விடுங்கள் என்று வாதாடினார். சுபேதார் மீசையை நீவினார். ஆட்டத்தை நிறுத்த அவர் ஊதவில்லை, எச்சரிக்கத்தான் ஊதினார், கயிற்றை விட்டவர் தோற்றவர், அதுதான் ரூல் என்றார். பாவம், சொல்லும்போது அவருக்கே கஷ்டமாக இருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அழுது கேட்டிருந்தால் அவர் இளகியிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் கோட்டு அம்பயர் மகளுக்கு அப்படிக் கேட்க வாய் வரவில்லை.

தேவகி மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தாள். "ஜெயிச்ச மாதிரியே இல்ல, வசந்தா" என்றாள். நான் அவள் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன்.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"விசிலு ஊதினதும் வுட்டீங்களா?" என்றார்.

"வுட்டோம்."

"எட்டுப் பேருமா?"

"எட்டுப் பேருந்தான்."

அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அதுவரை நான் அப்பாவை எதிர்த்துப் பேசியதே இல்லை.

"ஒரு பந்துக்காக மூணு வருசம் அக்காவ வராம பண்ண. இப்ப அவ வரா, நான் இருக்க மாட்டேன். அதுவும் உன் விசிலாலதான். உனக்கு கோடுதான் பொண்ணு, விசிலுதான் பொண்ணு. நாங்க இல்ல."

அப்பா முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். நான் சொன்னதை அவர் கேட்டாரா, கேட்காத மாதிரி இருந்தாரா என்று பல நாள் எனக்குத் தெரியவில்லை.

தேரன்று

கிருத்திகை வந்தது, லீவு விட்டார்கள். மறுநாள் தேவகி விபூதிப் பொட்டலம் கொண்டுவந்து முதலில் என் நெற்றியில் இட்டாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் தேர். நான் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது அம்மா வாசலில் பெரிய கோலமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா இன்னும் வந்திருக்கவில்லை.

அன்றைக்கு ஒரு வயர்க்கட்டில் பச்சையும் மஞ்சளும் மாற்றி மாட்டினேன். தேவகி சத்தம் போடாமல் கழற்றி மாட்டிவிட்டாள். மத்தியானம் சாப்பிடும்போது, இந்நேரம் அக்கா சாப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். நாலு மணிக்கு, இந்நேரம் கிளம்ப மூட்டை கட்டியிருப்பாள் என்று நினைத்தேன்.

சாயந்தரம் எங்கள் பஸ் ஒரகடம் தாண்டி ஊருக்குள் நுழையும் முன்னாலேயே நின்றுவிட்டது. முன்னால் லாரிகள் நின்றன. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தேரு ரோட்டுல குறுக்க கீது. இன்னிக்கி வூடு போய்ச் சேந்த மாதிரிதான்" என்றார்.

ரோஸிதான் முதலில் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு சிரிக்க ஆரம்பித்தாள். "ஏய், எடது வடத்துல ஆளே இல்லடி. நம்ம எல்லாம் இங்க கீறோமே."

அவள் சொன்னது சரி. இடது வடத்தை இழுக்கும் வயசுப் பெண்களில் பாதிக்கு மேல் அந்த பஸ்ஸில்தான் உட்கார்ந்திருந்தோம். ஊரில் இருந்த பெண்கள் மத்தியானத்திலிருந்து முக்கி முனகி இழுத்திருக்கிறார்கள். வலது வடத்தில் ஆண்கள் முழு பலத்தோடு இழுக்க, இடது வடம் தளர, தேர் ஒரு பக்கமாகத் திரும்பித் திரும்பி, கடைசியில் நிலைக்குக் கூப்பிடு தூரத்தில் தார் ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. இடது வடத்தில் ஆண் கை படலாமா என்று பெரியவர்கள் ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

நாங்கள் ஓவர்கோட்டோடு இறங்கி ஓடினோம். தேருக்கு அந்தப் பக்கம், தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் கமலா அக்கா.

அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். இறங்கி வந்தாள். மூன்று வருடத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என் ஓவர்கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். நான் எதுவோ பேச வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து பெண்கள் எல்லோரும் வடத்தைத் தூக்கிவிட்டார்கள். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் வடத்தைப் பிடித்தாள். நான் அவளுக்குப் பின்னால் பிடித்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் இழுத்தால் தேர் நகரும். தேர் நகர்ந்தால் ரோடு திறக்கும். ரோடு திறந்தால் அக்கா பஸ் ஏறிவிடுவாள்.

இழுக்காமல் இருக்க முடியுமா? இழுத்தேன். அக்காவின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன். எதிராளி என்று யாரும் இல்லாத கயிறு அது. ஆனாலும் அன்றைக்குக் கம்பெனியில் இழுத்ததை விட இது கனமாக இருந்தது.

வலது வடத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இழுத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவரும் அப்பாவும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அம்மா அப்புறம் சொன்னாள். அப்பா தேரைச் சாக்காக வைத்துக்கொண்டு சாப்பிடவே வீட்டுக்கு வரவில்லையாம்.

இடது வடம் விறைத்ததும் தேர் முனகிக்கொண்டு நேரானது. கூப்பிடு தூரம்தான். கண் மூடித் திறப்பதற்குள் தார் ரோட்டை விட்டு இறங்கி நிலையில் போய் நின்றது. எங்களுக்குத் தெரிந்த எந்த வருடத்திலும் தேர் அவ்வளவு வேகமாக நிலை சேர்ந்ததில்லை. நிலைக்கு முன்னால் இடம் குறைவு என்பதால் வளைத்துப் பிடித்திருந்த வடங்கள் மட்டும் ரோட்டுக்குக் குறுக்கே நீண்டிருந்தன.

அப்பா குட்டை விசில் ஊதினார்.

எல்லோரும் வடத்தைப் போட்டார்கள். கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முட்டுக்கட்டை வைக்கிறவர் குனிந்தார், கட்டையைச் சொருகினார், நிமிர்ந்தார்.

நான் விடவில்லை. இழுக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அக்காவும் விடாமல் நின்றாள்.

"வுடுடி" என்றாள் அக்கா, திரும்பாமலேயே. "விசிலு ஊதிட்டாரு."

"நீ மொதல்ல வுடு."

அவள் விடவில்லை. அப்படியே திரும்பி என்னைப் பார்த்தாள். "எளச்சிட்ட" என்றாள். "கம்பெனில சோறு ஒழுங்கா போடறாங்களா இல்லியா?" அவ்வளவுதான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓவர்கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டு, வாரத்துக்கு மூன்று நாள் சாம்பார் தண்ணியாக இருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தேன். பலகையைப் பற்றிச் சொன்னேன், தேவகியைச் சொன்னேன், கயிறு இழுத்ததைச் சொன்னேன். அக்கா சிரித்த சிரிப்பில் வடம் ஆடியது.

வாலாஜாபாத் பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். நீட்டு விசில் ஊத வேண்டிய நேரம்.

அப்பா விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். அப்போதுதான் வடத்தோடு நின்ற எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். விசிலுக்கு விடாத கையை அவர் சும்மா விட்டதில்லை. ஊரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் இன்னொரு தரம் ஹாரன் அடித்தார்.

அப்பா விசிலை இறக்கி இடுப்பில் செருகினார். தேரண்டை போய், நன்றாகச் சொருகியிருந்த முட்டுக்கட்டையைக் குனிந்து, கையால் ஆட்டி ஆட்டிப் பார்த்தார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அடுத்த சக்கரத்துக்கு நடந்து போய் அங்கேயும் குனிந்தார்.

தேருக்கு நாலு சக்கரம். அப்பா நாலையும் பார்த்தார்.